அந்தச் செங்குத்துக் கோட்டை நம்பாதீர்கள்!

மாணவ நண்பர்களே, ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கிடையாக ஒரு கோடு போடுங்கள், அது வெப்பநிலை. செங்குத்தாக ஒரு கோடு, அது மின்தடை. பாதரசத்தின் மின்தடை வெப்பநிலையோடு எவ்வாறு மாறுகிறது என்று இப்போது வரையுங்கள். வெப்பநிலை குறையக் குறைய மின்தடையும் மெல்ல மெல்ல இறங்கி வரும். 4.2 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவில், கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழுவதுபோல் கோடு செங்குத்தாக விழுந்து சுழியைத் தொட்டுவிடும். படத்தின் அடியில் 'மீக்கடத்தி' என்று எழுதிவிட்டால் முழு மதிப்பெண்.

உங்களில் ஒருவர் அந்தக் கோட்டின் மேல் மூலையைச் சற்று மழுக்கி, கீழ் மூலையையும் வளைத்து வரைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? சிவப்பு மை பாயும். பாதி மதிப்பெண் பறிபோகும். என் கட்சி இதுதான்: அப்படி வளைத்து வரைந்த பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடாது. "எவ்வளவு பருமனான கம்பிக்கு இந்தப் படம்?" என்று ஓரத்தில் அவர் ஒரு கேள்வியும் எழுதியிருந்தால், கூடுதலாக ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

நம் புதுச்சேரியில் பாடத்திட்டத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தையும், மாகே கேரளப் பாடத்தையும், யானம் ஆந்திரப் பாடத்தையும் நெடுங்காலம் பின்பற்றின; அண்மையில் அரசுப் பள்ளிகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. ஆனால் எந்த நூலைப் புரட்டினாலும், மீக்கடத்தி என்ற சொல் வரும் இடத்தில் வழக்கமாக வருவது அந்தச் செங்குத்துக் கோடுதான். கூடவே இரண்டு சொற்களும் வரும்: 'சுழி', 'என்றென்றும்'. மின்தடை சுழி, ஆகவே வளையத்தில் ஓடவிட்ட மின்னோட்டம் என்றென்றும் ஓடும். இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

முதலில் கதையின் தொடக்கம். மீக்கடத்தியைக் கண்டுபிடிக்கத் திரவ ஹீலியம் தேவைப்பட்டது. அந்த ஹீலியத்தின் கதையில் நம் தென்னாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சு வானியலார் ழான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த போக்சனும் சூரியனின் விளிம்பொளியை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தனர். அதிலிருந்த மஞ்சள் கோடு எந்தத் தனிமத்துடையது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே ஹீலியம் என்ற பெயர். ஹாலந்து நாட்டில் லைடன் நகரத்துக் காமர்லிங் ஓன்ஸ் 1908-இல் அதைத் திரவமாக்கினார். 1911-இல் அந்தக் குளிரில் பாதரசத்தை வைத்துப் பார்த்தபோது அதன் மின்தடை காணாமல் போயிற்று. (அளவீட்டைச் செய்தவர் ஓன்ஸின் உதவியாளர் ஹோல்ஸ்ட். அறிக்கையில் ஓன்ஸின் பெயர் மட்டுமே இருந்தது. இதுபோன்ற செய்திகளையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.)

காணாமல் போயிற்று என்றால்? அவருடைய கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் கண்டது. எந்தக் கருவியும் சுழியை அளந்து காட்டியதில்லை. 'இதற்குக் கீழே' என்று மட்டுமே கருவியால் சொல்ல முடியும். ஓன்ஸ் இதை நன்கு அறிந்தவர். ஆகவே 1914-இல் வேறு வழியில் சென்றார். ஈயக் கம்பிச் சுருள் ஒன்றை மூடிய வளையமாக்கித் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி, அதில் மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டார். மின்கலம் இல்லை; வெளித் தொடர்பு எதுவும் இல்லை. பக்கத்தில் வைத்த காந்த ஊசி மணிக்கணக்கில் விலகியபடியே நின்றது! 1932-இல் ஃபிளிம் என்பவர் ஏறத்தாழ 200 ஆம்பியர் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஈய வளையத்தைத் திரவ ஹீலியத்தோடு விமானத்தில் ஏற்றி லைடனிலிருந்து லண்டனுக்குக் கொண்டு சென்றார். 1963-இல் ஃபைல், மில்ஸ் என்ற இருவர் மீக்கடத்திச் சுருள் ஒன்றின் காந்தப்புலத்தை மிக நுட்பமாக அளந்து, அது தேய்ந்துபோக ஒரு லட்சம் ஆண்டுக்குக் குறையாமல் ஆகும் என்று கணக்கிட்டனர்.

அப்படிப்பட்ட வளையத்தைப் பார்க்க நீங்கள் லைடனுக்குப் போக வேண்டியதில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறதல்லவா? 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. அங்கும் நகரின் மற்றப் பெரிய மருத்துவமனைகளிலும் எம்.ஆர்.ஐ. என்ற பெயரில் ஒரு பெரிய குழல் இருக்கும். நோயாளியைப் படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்கள். 1.5 டெஸ்லா வகைக் குழல் என்றால், அதைச் சுற்றி நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள், திரவ ஹீலியத்தின் குளிரில் இருக்கிறது என்று பொருள். நிறுவும்போது ஒருமுறை சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்றிச் சுருளின் இரு முனைகளையும் மூடிவிடுவார்கள். பிறகு மின் இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் காந்தப்புலம் நம் ஊரில் உள்ள பூமியின் காந்தப்புலத்தைப்போல் முப்பத்தைந்தாயிரம் மடங்குக்கும் மேல். "காந்தம் எப்போதும் இயங்குகிறது" என்று வாசலில் எச்சரிக்கை மாட்டியிருப்பது இதனால்தான்.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் நம் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து ஊரே இருண்டது. அப்படிப்பட்ட நாளிலும் ஒரு மீக்கடத்திக் காந்தம் அணையாது. குளிரூட்டும் எந்திரம் நின்றுபோகும். ஹீலியம் மெல்ல ஆவியாகும். குளிர் உள்ளவரை மின்னோட்டத்துக்கு மின்வெட்டு என்பதே தெரியாது.

"அப்படியானால் இது நில்லாது இயங்கும் எந்திரம்தானே?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அந்த மின்னோட்டத்திலிருந்து ஒரு பல்பை எரிய வைத்துப் பாருங்கள். சேமித்த ஆற்றல் தீர்ந்து மின்னோட்டம் நின்றுவிடும். செலவு இல்லாததால் ஓடுகிறதே ஒழிய, அது வரவைப் படைப்பதில்லை.

செலவு ஏன் இல்லை? இதற்கு விடை 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரிடமிருந்து வந்தது. போதுமான குளிரில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்கின்றன. அந்த இணைகள் எல்லாம் ஒரே அலையாக, ஒரே தாளத்தில் இயங்குகின்றன. வில்லியனூர் திருக்காமேசுவரர் கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த காலம் தொட்டு இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் காலம்வரை, இழுக்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒருவர் கால் தடுக்கினால் தேர் நிற்குமா? நிற்காது. சாதாரணக் கம்பியில் எலெக்ட்ரான்கள் கடைவீதியில் தனித்தனியே நடப்பவர்கள். ஒவ்வொருவரும் இடித்துக்கொண்டும் நின்றும் ஆற்றலை இழப்பார்கள். மீக்கடத்தியில் அவர்கள் வடம் பிடித்தவர்கள். தனியே ஒருவரை நிறுத்த முடியாது.

இந்த உவமையில் இல்லாத ஒன்றும் உண்டு. அதற்கு நம் வீட்டு வாசலுக்கு வாருங்கள். சிக்குக் கோலத்தில் புள்ளிகளைச் சுற்றி வரும் இழை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். சேராவிட்டால் அது கோலம் ஆகாது. வளையத்தைச் சுற்றி ஓடும் அந்த அலைக்கும் அதே விதிதான். ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது முகடு முகட்டோடு சேர வேண்டும். ஆகவே வளையத்தில் ஓர் அலை இருக்கலாம், இரண்டு இருக்கலாம், மூன்று இருக்கலாம். ஒன்றரை இருக்க முடியாது. இதன் விளைவாக வளையத்துக்குள் சிக்கும் காந்தப் பாயமும் முழு எண்ணிக்கையான துணுக்குகளாகவே இருக்கும் என்று 1961-இல் அமெரிக்காவில் டீவர், ஃபேர்பாங்க் இருவரும், ஜெர்மனியில் டோல், நாபவர் இருவரும் தனித்தனியே சோதித்துக் காட்டினர். ஒரு துணுக்கின் அளவு 2.07 × 10⁻¹⁵ வெபர். (மெல்லிய வளையத்தில் வெளிக் காந்தப்புலம் உள்ளே கசிய முடியும் என்பதால் விதி கொஞ்சம் மாறும். ஆனால் அலைகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இருப்பது மாறாது.)

ஆக, மின்னோட்டம் இறங்க வேண்டுமானால் சரிவில் உருளும் பந்துபோல் மெல்ல மெல்ல இறங்க முடியாது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் குதித்துத்தான் இறங்க வேண்டும். ஒரு படி குதிக்க வளையத்தின் ஏதோ ஓரிடத்தில், கம்பியின் முழுப் பருமனுக்கும், மீக்கடத்தும் நிலை ஒரு கணம் குலைய வேண்டும். அந்த ஒரு கணத்தில் ஓர் அலை நழுவிவிடும். தேரின் பாஷையில் சொன்னால், வடத்தின் குறுக்கே ஓரிடத்தில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே நொடியில் கையை விட வேண்டும்.

அப்படி நடக்குமா? நான்கு நாணயங்களை எடுத்துச் சுண்டிப் பாருங்கள். நான்கும் தலையாக விழுவது பதினாறு தடவைக்கு ஒருமுறை, மாலைக்குள் பார்த்துவிடலாம். பத்து நாணயம் என்றால் ஆயிரம் தடவைக்கு ஒருமுறை. இருபது என்றால் பத்து லட்சத்துக்கு ஒருமுறை. நூறு நாணயம்? நொடிக்கு ஒருமுறை சுண்டினாலும், பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை சுண்டினாலும் போதாது. எண்ணிக்கை சிறிது ஏறினால் காத்திருக்கும் காலம் எகிறிவிடுகிறது. மருத்துவமனைச் சுருளின் 'என்றென்றும்' இப்படிப்பட்ட ஒன்றுதான். நழுவல் நடக்கவே கூடாது என்று தடை எதுவும் இல்லை. பருமனான கம்பியில் அதற்கு வாய்ப்பு நினைத்துப் பார்க்க முடியாத அளவு குறைவு.

அங்கே ஒரு படி நழுவினாலும் யாருக்கும் தெரியாது என்பது இன்னொரு செய்தி. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழலில் 1.5 டெஸ்லா புலம் என்றால், அதற்குள் உள்ள காந்தப் பாயத் துணுக்குகள் எத்தனை? நீங்களே கணக்கிடலாம்: பரப்பைப் புலத்தால் பெருக்கி 2.07 × 10⁻¹⁵-ஆல் வகுங்கள். ஏறத்தாழ இரண்டு கோடி கோடி! இரண்டு கோடி கோடி படிகளில் ஒன்று குறைந்தால் என்ன, குறையாவிட்டால் என்ன?

இப்போது வளையத்தைச் சுருக்குவோம். ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் குறுக்களவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே இவ்வகை வளையங்கள் முப்பது, நாற்பதை வரிசையாக வைக்கலாம். கம்பியின் அகலம் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. இங்கே மாடிப்படி முழுவதற்கும் ஒன்றிரண்டு படிகள்தாம். ஒரு படி நழுவினால் சொத்தில் பாதி போயிற்று! வடத்தின் குறுக்கே நிற்பவர்களும் ஆயிரக்கணக்கில் இல்லை, விரல்விட்டு எண்ணும்படியாகிவிட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணம் வந்துவிடக்கூடாது. இவ்வளவு சிறிய அலுமினிய வளையத்திலும் எலெக்ட்ரான்கள் நூறு கோடிக் கணக்கில் இருக்கின்றன. ஆனால் இணை சேரும் விளையாட்டில் கலந்துகொள்பவை அவற்றில் மிகச் சிலவே. மேலும், மாறுநிலை வெப்பநிலையை நெருங்க நெருங்க, இணை சேர்வதால் கிடைக்கும் ஆற்றல் லாபம் சுழியை நோக்கிச் சுருங்குகிறது. பிடி தளர்ந்துபோன கைகள்! வெப்பத்தின் தாறுமாறான ஆட்டம் அந்தக் கைகளை எளிதில் பிரித்துவிடும். இந்த ஆட்டத்தைத்தான் அறிவியலார் 'ஏற்ற இறக்கம்' என்கிறார்கள். அது ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வதில்லை. மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே, இருக்கும் ஒழுங்கைக் கணநேரம் குலைக்கிறது. மேலே, இல்லாத ஒழுங்கைக் கணநேரம் உண்டாக்குகிறது. அதாவது 'இனி மீக்கடத்தல் இல்லை' என்று நாம் முத்திரை குத்திய வெப்பநிலையிலும் இணைகள் தோன்றித் தோன்றி மறைகின்றன. செங்குத்துக் கோட்டின் மேல் மூலை மழுங்குவதற்கும், கீழ் மூலை வளைவதற்கும் காரணம் கிடைத்துவிட்டதா?

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. 1967-இல் ஜேம்ஸ் லாங்கரும், இந்திய வம்சாவளியினரான வினய் அம்பேகாவ்கரும் மெல்லிய கம்பியில் அலை நழுவுவதற்கு எவ்வளவு ஆற்றல் 'விலை' ஆகும் என்று கணக்கிட்டனர். அதையடுத்த ஆண்டுகளில் அரை மைக்ரான் அளவே பருமனுள்ள வெள்ளீய இழைகளில் சோதனைகள் நடந்தன. மின்தடை செங்குத்தாக விழவில்லை. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளிக்குள், பத்தில் ஒன்றாக, நூறில் ஒன்றாக, ஆயிரத்தில் ஒன்றாக, வளைவாக இறங்கியது. இந்த வளைவைக் கணக்கிட்டுச் சொல்லும் கோட்பாடும் இருந்தது.

அடுத்து வளையங்களுக்கு வருவோம். 1962-இல் லிட்டில், பார்க்ஸ் என்ற இருவர் மெல்லிய மீக்கடத்திக் குழாயினுள் காந்தப் பாயத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, அதன் மாறுநிலை வெப்பநிலையே ஏறியும் இறங்கியும் ஆடுவதைக் கண்டனர். பாயம் முழுத் துணுக்காக இருக்கும்போது வளையம் நிம்மதியாக இருக்கும். அரைத் துணுக்கில் அதன் பாடு திண்டாட்டம். சுழி அலையா, ஓர் அலையா? எதைத் தேர்ந்தாலும் கோலம் அரை இழை பிசகுகிறது. அந்தப் பிசகை ஈடுகட்ட மின்னோட்டம் ஓடியாக வேண்டும். அதற்கு ஆற்றல் வேண்டும். 1981-இல் பிரெஞ்சு இயற்பியலார் பியேர்-ழில் தெ ழென் (1991-இல் நோபல் பரிசு பெற்றவர்) இதை இன்னும் ஒரு படி கொண்டு சென்றார். வளையம் போதுமான அளவு சிறியதானால், அரைத் துணுக்கின்போது அந்தச் செலவு இணை சேரும் லாபத்தையே விழுங்கிவிடும். தனிச்சுழி வெப்பநிலைக்கே கொண்டுபோனாலும் மீக்கடத்தல் அழிந்துவிடும் என்று காட்டினார். எவ்வளவு குளிர வைத்தாலும் பயனில்லை! தம் கருத்துகளை அவர் பாரிஸ் அறிவியல் அகாதெமியின் ஏட்டில் பிரெஞ்சிலேயே எழுதினார். வீட்டில் தாத்தா பாட்டியிடமிருந்து பிரெஞ்சு கற்ற புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இது உலகில் பலருக்கும் கிட்டாத வசதி. அந்த மொழியை ஓட்டல் பலகை படிக்க மட்டும் வைத்துக்கொள்வது எனக்கு வருத்தம்தான்.

2007-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேத்ரின் மோலரின் ஆய்வுக்கூடத்தினர் அலுமினிய வளையங்களை ஒவ்வொன்றாக அளந்தனர். நம் வீட்டு இட்லிக் குண்டானின் அலுமினியந்தான், 1.2 கெல்வினுக்குச் சற்றுக் கீழே அதுவும் மீக்கடத்தி ஆகும். கொடுத்த காந்தப் பாயத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே வரும் வளையத்தின் மறுமொழியைத் தனியே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கிடைத்த முடிவு: ஏற்ற இறக்கக் கோட்பாட்டின் கணக்கு அளவீட்டோடு பொருந்தியது. அரைத் துணுக்கின் அருகில், மாறுநிலை வெப்பநிலை தாழும் இடத்தில், ஏற்ற இறக்கங்களின் கை மிகவும் ஓங்கியிருந்தது. எந்த வளையத்தில் எவ்வளவு ஓங்கும் என்பதை ஒரே ஓர் எண்ணைக் கொண்டு சொல்லிவிட முடிந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த 'ஒன்றொன்றாக' என்பதுதான். ஆயிரம் வளையங்களை ஒன்றாக அளந்து சராசரி எடுத்தால், ஒவ்வொன்றின் குணமும் சராசரியில் கரைந்துபோயிருக்கும்.

இன்னும் ஒரு வியப்பைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். வளையம் போதுமான அளவு சிறியதாகவும் குளிராகவும் இருந்தால், மீக்கடத்தியாக இல்லாத சாதாரண உலோகத்திலும் நிலைத்த மின்னோட்டம் ஓடும்! 1983-இல் பியூட்டிக்கர், இம்ரி, லாண்டவர் மூவரும் இதைக் கூறினர். 2009-இல் யேல், ஸ்டான்ஃபோர்டு ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் இது நுட்பமாக அளக்கப்பட்டது. நம் நாட்டில் புவனேசுவரம் இயற்பியல் கழகத்தின் ஜயன்னவர் இத்தகைய மின்னோட்டங்களைப் பற்றிக் கோட்பாட்டு ஆய்வுகள் செய்தார்.

"இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்கு? முதலில் நேர்கோட்டைக் கற்கட்டும், வளைவைப் பிறகு பார்க்கலாம்" என்று ஆசிரியர்கள் சிலர் சொல்லக்கூடும். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பருமனான பாதரசத்திலோ ஈயத்திலோ ஏற்ற இறக்கத்தால் வரும் மழுங்கல் எந்தப் பென்சிலாலும் காட்ட முடியாத அளவு சிறியது. அரை மைக்ரான் வெள்ளீய இழையின் வளைவுகூட, ஒரு டிகிரிக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வரைந்தால், பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே ஒளிந்துவிடும். ஆகவே செங்குத்துக் கோடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏற்பாட்டை ஏற்பாடு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதை இயற்கையின் ஆணைபோல் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வதில்தான் எனக்குச் சண்டை. ஏனென்றால் இன்று வேலை நடப்பது அந்தப் பென்சில் கோட்டின் தடிமனுக்கு உள்ளேதான்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மகாபலிபுரத்துக்கு முன்னதாக வருவது கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நியோபியத்தால் ஆன 'ஸ்குவிட்' கருவிகளைச் செய்து, இதயமும் மூளையும் உண்டாக்கும் காந்தப்புலங்களை அளக்கும் அமைப்புகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஸ்குவிட் என்பது வேறொன்றும் இல்லை. நாம் பேசிய மீக்கடத்தி வளையந்தான், அதில் ஓரிரு மெலிந்த சந்திகளோடு. மூளையின் காந்தப்புலம் பூமியின் புலத்தில் பல கோடியில் ஒரு பங்கு. அதைக் கேட்கும் காதுக்கு எல்லை விதிப்பது எது? வளையத்தில் நிகழும் அதே வெப்ப ஏற்ற இறக்கங்கள்!

2023 ஏப்ரலில் இந்திய அரசு தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்க ஒப்புதல் தந்தது. 2025-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவருக்கும் கிடைத்தது. மீக்கடத்திச் சுற்று ஒன்று தான் இருக்கும் நிலையிலிருந்து சுவரைத் தாண்டிக் குதிக்காமல், சுவரை ஊடுருவியே வெளியேற முடியும் என்று 1980-களில் அவர்கள் காட்டினார்கள். வெப்பத்தின் ஆட்டம் அடங்கிய பிறகும் நழுவல் நிற்பதில்லை என்பது இதன் பொருள். இன்று குவாண்டம் கணிப்பொறி என்று மேடைதோறும் பேசப்படுவதில் ஒரு முக்கிய வகை இத்தகைய சுற்றுகளால் ஆனதே. மேடையில் குவாண்டம் என்கிறோம். விடைத்தாளில் மூலையை மழுக்கிய பிள்ளைக்கு மதிப்பெண்ணை வெட்டுகிறோம். அந்தத் துறைக்கு நாளை போக வேண்டியவர் யார்? மூலையை மழுக்கியவர் அல்லவா?

சரி, இதைப் பள்ளியில் காட்ட முடியுமா? மைக்ரான் வளையத்தைக் காட்ட முடியாது. ஆனால் மழுங்கிய மூலையைக் காட்டலாம். 1987-இல் கண்டுபிடிக்கப்பட்ட இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு ஏறத்தாழ 92 கெல்வினிலேயே மீக்கடத்தி ஆகிறது. (இந்தக் குடும்பத்துப் பொருள்களைப் பற்றி அதே ஆண்டில் ஆண்டர்சனோடு சேர்ந்து புகழ்பெற்ற கோட்பாட்டை எழுதியவர்களில் ஒருவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன்.) இதற்குத் திரவ ஹீலியம் வேண்டாம், 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் போதும். கால்நடை மருத்துவமனைகளில் சினை ஊசிக்கான விந்துக் குழல்களைப் பாதுகாக்க வைத்திருக்கிறார்களே, அதே திரவம். பல்கலைக்கழகமோ கல்லூரியோ ஒரு வில்லையையும், கையாளத் தெரிந்த ஒருவரையும் அனுப்பினால், புதுச்சேரியின் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு பிற்பகலில் இது நடக்கும். திரவ நைட்ரஜனை நீங்களாகத் தொடக்கூடாது, தோலைப் பொசுக்கிவிடும், மூடிய அறையில் மூச்சுக் காற்றையும் விரட்டிவிடும்.

வில்லையில் நான்கு கம்பிகள்: இரண்டு மின்னோட்டத்தைச் செலுத்த, இரண்டு மின்னழுத்தத்தைப் பார்க்க. நைட்ரஜனுக்குச் சற்று மேலே தொங்கவிட்டு மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். ஒரு மாணவர் வெப்பநிலையைப் படிக்க, இன்னொருவர் மின்னழுத்தத்தைப் படிக்க, மூன்றாமவர் வரைபடத் தாளில் புள்ளி வைக்கட்டும். 92 கெல்வின் வருவதற்குச் சில டிகிரி முன்பே புள்ளிகள் நேர்கோட்டை விட்டு விலகிக் கீழ்நோக்கி வளையத் தொடங்கும். அந்த வளைவில் ஒரு பகுதி வில்லையின் துகள்கள் ஒன்றுபோல் இல்லாததால் வருவது. மற்றொரு பகுதி, இன்னும் பிறக்காத மீக்கடத்தலின் இணைகள் தோன்றி மறைவதால் வருவது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். காந்தப்புலத்தை வைத்தும் எடுத்தும் பார்க்கலாம். ஒற்றைப் படிகத்தைக் கொண்டு திரும்பச் செய்யலாம். வேறு வழியும் உங்களுக்குத் தோன்றலாம். அந்தத் தாளில் புள்ளிகளை இணைக்கும்போது மட்டும் அளவுகோலைக் கையில் எடுக்காதீர்கள்.